"ஏஐ வந்து விசிட்டர் போச்சு": சேலம், ஏற்காடு வெப்சைட்காரர்களுக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர், செவ்வாய்பேட்டையில் கொலுசு விற்பவர், சேர்வராயன் மலைக் காபித்தூளையும் மிளகையும் கூரியரில் அனுப்புபவர் என்று யாரைக் கேட்டாலும் இப்போது ஒரே பேச்சுதான்: "ஏஐ வந்ததுல வெப்சைட் படுத்துருச்சு." சிலருக்கு அது உண்மை. மற்றவர்களுக்குக் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. பழியை ஏஐ மேல் போட்டுவிட்டதால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை, கோளாறும் அப்படியே கிடக்கிறது. எந்த அறிகுறிக்கு என்ன காரணம், எங்கே கை வைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் சில தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தேடல் முடிவுகளுக்கு மேலே ஏஐ எழுதிய சுருக்கத்தைக் காட்டும் ஏஐ ஓவர்வியூவை கூகுள் 2024 மே மாதம் அமெரிக்காவில் விட்டது. ஆகஸ்டில் இந்தியாவுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. அக்டோபரில் தமிழ் உட்பட இன்னும் நான்கு இந்திய மொழிகளுக்கு அறிவித்தார்கள். சாட்ஜிபிடிக்குள் வெப் தேடல் 2024 அக்டோபர் 31 அன்று தொடங்கியது. முழுக்க உரையாடலாகவே பதில் தரும் கூகுள் ஏஐ மோட் 2025 ஜூலையில் இந்தியாவில் எல்லோருக்கும் திறந்தது. உங்கள் கிராஃபில் சரிவு இதற்கெல்லாம் முன்பே தொடங்கியிருந்தால், பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டியதுதான்.

தொடங்கும் முன்: எந்த மாதத்தோடு எந்த மாதத்தை ஒப்பிடுவது

உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலில் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது), சிடிஆர் (காட்டியதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது), ஆவரேஜ் பொசிஷன் (சராசரியாக எத்தனையாவது இடம்) ஆகிய நான்கு கட்டங்களையும் தட்டி ஆன் செய்யுங்கள். தேதியில் கம்பேர் எடுத்து, கடைசி 28 நாளைப் போன வருடத்தின் அதே நாட்களோடு ஒப்பிடுங்கள். நாடு என்ற வடிகட்டியில் இந்தியாவை மட்டும் வையுங்கள். கடைசி இரண்டு மூன்று நாள் எண்கள் முழுசாக வந்திருக்காது, அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம். பதினாறு மாதத்துக்கு முந்தைய தரவை கூகுள் வைத்திருக்காது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து ஷீட்டில் போட்டுவையுங்கள். நாளைக்குத் தேவைப்படும்போது எங்கு தேடினாலும் கிடைக்காது.

போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுவது ஏற்காட்டுத் தளங்களுக்குச் சுத்தமாக ஒத்துவராது. ஏப்ரல், மே கோடை சீசன். பள்ளி திறந்ததும் ஜூனில் தேடல் தானாகவே இறங்கும். அந்தச் சரிவுக்கும் ஏஐக்கும் சம்பந்தமில்லை. கொலுசு, பட்டு விற்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது: பண்டிகை தேதி வருடா வருடம் நகரும். தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அட்சய திருதியை 2024-இல் மே 10, 2025-இல் ஏப்ரல் 30. காலண்டர் தேதியை அப்படியே வைத்து ஒப்பிட்டால் ஒரு வருடம் பண்டிகை வாரமும் மறுவருடம் பண்டிகை முடிந்த வாரமும் மோதும். தீபாவளிக்கு முந்தைய 21 நாள் என்று எண்ணி இரண்டு வருடத்துக்கும் தேதியைக் கையால் கொடுங்கள்.

அறிகுறி 1: இம்ப்ரெஷன் அப்படியே இருக்கிறது, கிளிக் மட்டும் இறங்கிவிட்டது

இதுதான் அசல் ஏஐ பாதிப்பின் முகம். உங்கள் பக்கம் கண்ணில் படுகிறது, ஆனால் யாரும் உள்ளே வரவில்லை, ஏனென்றால் பதில் மேலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் பியூ ரிசர்ச் சென்டர் 2025 மார்ச் மாதத் தேடல்களை வைத்துச் செய்த ஆய்வில், ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் வழக்கமான லிங்கைத் தட்டியது 8 சதவீதம், சுருக்கம் வராதவற்றில் 15 சதவீதம். சுருக்கத்துக்கு உள்ளேயே இருந்த லிங்கைத் தட்டியது 1 சதவீதம்தான். "எங்க தளத்தை ஏஐ ஓவர்வியூவுலயே காட்டுது" என்று சந்தோஷப்படுபவர்கள் இந்த 1-ஐ ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் உடனே முடிவு கட்டாதீர்கள். குவெரி, அதாவது ஆட்கள் தேடிய சொற்களின் பட்டியலை எக்ஸ்போர்ட் செய்து, ஷீட்டில் மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல் தகவல் கேள்விகள்: ஏற்காட்டில் எத்தனை கொண்டை ஊசி வளைவு, சேலத்திலிருந்து எவ்வளவு தூரம், பகோடா பாயின்ட் நேரம், வெள்ளிக் கொலுசு கறுக்காமல் இருக்க என்ன செய்வது, ஜவ்வரிசி எதிலிருந்து தயாராகிறது. இரண்டாவது குவியல் உங்கள் கடை அல்லது விடுதியின் பெயர் வரும் கேள்விகள். மூன்றாவது, காசு கொடுக்கத் தயாராக இருப்பவர் கேட்பவை: இன்று ரூம் வாடகை, ஏரிக்குப் பக்கத்தில் ஃபேமிலி ரூம், குறிப்பிட்ட எடையில் கொலுசு ஆன்லைன்.

ஒவ்வொரு குவியலுக்கும் மொத்தக் கிளிக்கை மொத்த இம்ப்ரெஷனால் வகுத்து சிடிஆர் போடுங்கள். ஷீட்டில் இருக்கும் சிடிஆர் பத்தியை அப்படியே சராசரி எடுத்தால் கணக்கு தப்பும். இரண்டே இம்ப்ரெஷன் உள்ள குவெரியும் இரண்டாயிரம் உள்ளதும் ஒரே எடையாகிவிடும். தகவல் குவியலில் முன்பு 10,000 இம்ப்ரெஷனுக்கு 400 கிளிக், இப்போது அதே 10,000-க்கு 180 என்று வந்து, மற்ற இரண்டு குவியலும் பழைய நிலையிலேயே இருந்தால் காரணம் ஏஐ ஓவர்வியூ என்று தைரியமாகச் சொல்லலாம். பெயர்க் குவியலும் சேர்ந்து விழுந்திருந்தால் கதை வேறு. உங்கள் பெயரைத் தேடுபவருக்கு வேறு யாரோ விளம்பரம் கொடுத்து மேலே நிற்கலாம், புக்கிங் தளங்கள் முந்தியிருக்கலாம், அல்லது தேடியவர் கூகுளில் வரும் உங்கள் பிசினஸ் புரொஃபைலிலேயே போனைத் தட்டிவிட்டுப் போகலாம். கடைசியாகச் சொன்னதில் உங்களுக்கு நஷ்டமே இல்லை.

ஏஐ ஓவர்வியூவுக்கென்று தனி வடிகட்டி சர்ச் கன்சோலில் கிடையாது என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். அதன் கிளிக்கும் இம்ப்ரெஷனும் வழக்கமான வெப் கணக்கிலேயே கலந்துவிடுகின்றன. ஏஐ மோடும் அப்படித்தான். போதாக்குறைக்கு, ஓவர்வியூ பெட்டிக்குள் இருக்கும் எல்லா லிங்குக்கும் ஒரே பொசிஷன் எண்தான். பெட்டி உச்சியில் இருந்தால் உள்ளே இருக்கும் எல்லோரும் காகிதத்தில் முதலிடம். ஆவரேஜ் பொசிஷன் 6-இலிருந்து 3-க்கு ஏறி, கிளிக் பாதியாகிப் போவது இதனால்தான். பொசிஷன் ஏறிவிட்டது என்று காட்டி பில் போடும் எஸ்இஓ (தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவரும் வேலை) ஆட்களிடம், கிளிக் எங்கே என்று கேளுங்கள்.

சரி, என்ன செய்வது? ஏற்காட்டில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் மாதிரிக் கட்டுரைகள் இழந்த கிளிக் திரும்பாது. அதில் இன்னும் காசைக் கொட்ட வேண்டாம். அழித்துவிடவும் வேண்டாம், ஓவர்வியூவுக்குள் உங்கள் பெயர் வர அதுவே ஆதாரமாக இருக்கலாம். உழைப்பை, தட்டிப் பார்த்தால்தான் தெரியும் விஷயத்துக்கு மாற்றுங்கள். அடிவாரம் வழி திறந்திருக்கிறதா, மண்சரிவால் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுகிறார்களா, கிளியூர் அருவியில் இந்த வாரம் தண்ணீர் விழுகிறதா என்று தேதி போட்டு இரண்டு வரி எழுதும் பக்கத்தை எந்தச் சுருக்கமும் முழுசாக விழுங்க முடியாது, ஏனென்றால் நேற்று எழுதியது இன்றைக்கு உதவாது. கொலுசுக்கு என்றால் டிசைன்வாரியாக எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை), ஜோடி எத்தனை கிராம், எத்தனை இன்ச், செய்கூலி எவ்வளவு, கையில் இருப்பு உண்டா என்ற அட்டவணை. பொத்தாம்பொதுவாக "தரமான வெள்ளிப் பொருட்கள்" என்று எழுதினால் அதை இயந்திரமும் சீந்தாது, மனிதரும் சீந்தமாட்டார்.

இங்கே ஒரு தவறான வைத்தியம் ஊரெல்லாம் சுற்றுகிறது: நோஸ்னிப்பெட் டேக் போட்டால் ஓவர்வியூவில் நம் எழுத்தை எடுக்க முடியாது என்பது. எடுக்க முடியாதுதான். ஆனால் சாதாரணத் தேடல் முடிவிலும் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி விவரம் சேர்ந்தே போய்விடும். இருக்கிற கிளிக்கும் குறையும். ஒரு பத்தியை மட்டும் மறைக்க வேண்டுமென்றால் டேட்டா நோஸ்னிப்பெட் என்ற பண்பை அந்தப் பகுதிக்கு மட்டும் கொடுக்கலாம். எந்த இயந்திரம் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) கூகுள் எக்ஸ்டெண்டட் பெயரைத் தடுப்பதும் இதற்கு உதவாது. அது ஜெமினி மாடல்களின் பயிற்சி போன்றவற்றுக்கான கட்டுப்பாடு. ஓவர்வியூ, தேடலுக்காகப் பக்கம் சேகரிக்கும் சாதாரண கூகுள்பாட் சேகரித்த பக்கங்களிலிருந்தே வருகிறது, அதைத் தடுத்தால் தேடலிலிருந்தே காணாமல் போவீர்கள்.

அறிகுறி 2: 2025 செப்டம்பரில் இம்ப்ரெஷன் திடீரென்று சரிந்தது, பொசிஷன் மட்டும் நன்றாக ஏறியது, கிளிக்கில் மாற்றமில்லை

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டும் வசதியை கூகுள் அந்த மாதம் நிறுத்தியது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதை வைத்துத்தான் எழுபதாவது, எண்பதாவது இடத்தில் இருந்த உங்கள் பக்கத்தையும் "பார்த்து" இம்ப்ரெஷனை ஏற்றிக்கொண்டிருந்தன. அந்தப் போலிக் கணக்கு உதிர்ந்தது, அவ்வளவுதான். இந்தத் தேதியைத் தாண்டி இம்ப்ரெஷனை ஒப்பிடும்போது, பொசிஷன் 20-க்குள் உள்ள குவெரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 3: இம்ப்ரெஷன், கிளிக், பொசிஷன் மூன்றும் சேர்ந்து விழுந்தன

ஏஐ சுருக்கம் கிளிக்கைத் தின்னும். இருபது இடம் கீழே தள்ளாது. மூன்றும் விழுந்தால் இண்டெக்ஸ் (தேடலில் காட்டுவதற்காக கூகுள் வைத்திருக்கும் பக்கப் பட்டியல்) கோளாறு, தரவரிசை மாற்றம், தண்டனை ஆகிய மூன்றில் ஒன்று. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

வேர்ட்பிரஸ் தளத்தை அண்மையில் புதிதாக வடிவமைத்தீர்களா? செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போய், தேடல் இயந்திரங்கள் இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா பாருங்கள். வேலை நடக்கும்போது போட்டதை டெவலப்பர் எடுக்க மறப்பது அன்றாடம் நடப்பது. அடுத்து, சர்ச் கன்சோலில் முக்கியமான ஐந்து பக்கங்களின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் போட்டு லைவ் டெஸ்ட் கொடுங்கள். பழைய முகவரிகள் மாறியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதற்குச் சமமான புதுப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாக இடம் மாறியது என்று திருப்பிவிடுவது) வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பினால் கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகவே கருதும். எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதி, டொமைன் புதுப்பிக்காதது ஆகியவற்றையும் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள்.

இண்டெக்ஸ் சரி என்றால், சரிவு தொடங்கிய நாளை கூகுளின் கோர் அப்டேட் (தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றம்) தேதிகளோடு பொருத்துங்கள். உதாரணத்துக்கு, 2025-இல் ஒன்று ஜூன் 30-இல் தொடங்கி ஜூலை 17-இல் முடிந்தது. ஏஐ மோட் இந்தியாவில் எல்லோருக்கும் திறந்ததும் அதே ஜூலை. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் ஏராளம். பிரித்தறிய பொசிஷன் ஒன்றே வழி. அப்டேட் முடிந்து ஒரு வாரம் கழித்து ஒப்பிடுங்கள், நடுவில் பார்த்தால் எண்கள் ஊசலாடும்.

மூன்றாவது சாத்தியம் சங்கடமானது. ஏஐயிடம் சொல்லி ஒரே வாரத்தில் இருநூறு கட்டுரை எழுதி ஏற்றினீர்களா? ஒரே பத்தியில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஆத்தூர், ஓமலூர், மேட்டூர், சங்ககிரி என்று பக்கம் பக்கமாகப் போட்டீர்களா? கூகுள் 2024 மார்ச்சில் ஸ்பேம் விதியைத் திருத்தி, தேடலை ஏமாற்றுவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், மீறலாக அறிவித்தது. சர்ச் கன்சோலில், கூகுள் ஆட்களே தண்டித்திருந்தால் தெரியும் மேனுவல் ஆக்‌ஷன் பகுதியைப் பாருங்கள். அங்கே எதுவும் இல்லாவிட்டாலும், பேஜஸ் ரிப்போர்ட்டில் "கிரால் செய்தது, இண்டெக்ஸ் செய்யவில்லை" என்ற எண்ணிக்கை வீங்கியிருந்தால் அதுவே சாட்சி. ஒரு வருடமாக ஒரு கிளிக்கும் வாராத அந்தப் பக்கங்களை 410 (நிரந்தரமாக நீக்கியாயிற்று என்ற பதில்) கொடுத்து நீக்குங்கள். ரோபாட்ஸ் கோப்பில் தடுத்தால் போதாது. தடுத்துவிட்டால் கூகுள்பாட் உள்ளே வந்து நோஇண்டெக்ஸ் குறியையோ 410-ஐயோ பார்க்கவே முடியாது.

அறிகுறி 4: சாட்ஜிபிடி, கோபைலட், பெர்ப்ளெக்ஸிட்டியிடம் கேட்டால் பக்கத்து விடுதியெல்லாம் வருகிறது, எங்கள் பெயர் வரவில்லை

பெயரைச் சொல்லிக் கேட்டும் "அந்தத் தளத்தைத் திறக்க முடியவில்லை" என்கிறதா? கதவை நீங்களே, தெரியாமல், பூட்டியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம், தளத்துக்கு முன்னால் காவலாக நிற்கும் சேவையான கிளவுட்ஃபிளேர். 2025 ஜூலை 1 முதல் புதிதாகச் சேரும் டொமைன்களுக்கு ஏஐ கிராலர்களை (பக்கங்களைத் தானாகப் படித்துச் சேகரிக்கும் நிரல்களை) தடுப்பதே இயல்பு நிலை என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அதன் டாஷ்போர்டில் ஏஐ கிராலர் பகுதிக்குப் போய் யாரை விடுவது, யாரைத் தடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேர்ட்பிரஸ் செக்யூரிட்டி பிளகின்களும், சில ஹோஸ்டிங் கம்பெனிகளின் ஃபயர்வாலும் இதே வேலையைச் செய்யும்.

ரோபாட்ஸ் கோப்பில் தடுப்பதென்றால் பெயரறிந்து தடுக்க வேண்டும். சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐக்கு மூன்று ஆட்கள்: ஜிபிடிபாட் மாடல் பயிற்சிக்குப் பக்கம் சேகரிப்பது, ஓஏஐ சர்ச்பாட் சாட்ஜிபிடி தேடலில் காட்டுவதற்காக வருவது, சாட்ஜிபிடி யூசர் என்பது யாரோ ஒருவர் இப்போது கேட்டதற்காகப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. கிளாட் என்ற ஏஐ பக்கமும் இதே மாதிரி மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பயிற்சிக்கு எழுத்தைத் தர விருப்பமில்லை, ஆனால் தேடலில் வர வேண்டும் என்றால் முதலாவதை மட்டும் தடுத்து மற்ற இரண்டை விடலாம். "ஏஐயே வேண்டாம்" என்று மூன்றையும் தடுத்துவிட்டு, பிறகு சாட்ஜிபிடியில் வரவில்லையே என்று வருந்துபவர்கள் அதிகம். மாற்றம் செய்தால் ஓபன்ஏஐ பக்கம் தெரிய ஒரு நாள் ஆகும். உடனே சோதித்துவிட்டு மறுபடி மறுபடி மாற்றாதீர்கள்.

பூட்டு இல்லை என்றால் அடுத்தது ஜாவாஸ்கிரிப்ட். கூகுள்பாட் ஸ்கிரிப்டை ஓட்டிப் பக்கத்தை முழுசாக வரைந்து பார்க்கும். பெரும்பாலான ஏஐ கிராலர்கள் அப்படிச் செய்வதில்லை, முதலில் வரும் எச்டிஎம்எல்லோடு திரும்பிவிடும். சோதனை எளிது. கம்ப்யூட்டரில் உங்கள் ரூம் பக்கத்தைத் திறந்து வியூ சோர்ஸ் போட்டு, வாடகை எண்ணையும் போன் நம்பரையும் தேடுங்கள். திரையில் தெரிந்து சோர்ஸில் இல்லையென்றால், அந்த இயந்திரங்களுக்கு உங்கள் விடுதியில் வாடகையும் இல்லை, போனும் இல்லை. புக்கிங் விட்ஜெட்டை மட்டுமே நம்பியிருக்கும் தளங்களில் இது நிச்சயம் இருக்கும். விட்ஜெட்டுக்கு மேலே சாதாரண எழுத்தில் நான்கு வரி போதும்: ரூம் வகை, எத்தனை பேர், வார நாள் வாடகை, வார இறுதி வாடகை.

மூன்றாவதாக மைக்ரோசாஃப்டின் தேடல் இயந்திரமான பிங். நம் ஊரில் யாரும் பிங்கில் தேடுவதில்லை என்று அதைத் தொட்டுப் பார்க்காமலே விட்டிருப்பார்கள். கோபைலட் பிங்கின் இண்டெக்ஸில்தான் நிற்கிறது. சாட்ஜிபிடி தேடலும் வெளித் தேடல் சேவைகளைப் பயன்படுத்துவதாக ஓபன்ஏஐ சொல்லியிருக்கிறது. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் புதுக் கணக்கு திறந்து, சர்ச் கன்சோலிலிருந்து இம்போர்ட் என்பதைத் தட்டினால் தளமும் சைட்மேப்பும் (பக்க முகவரிகளின் பட்டியல்) தானாக வந்துவிடும். பத்து நிமிட வேலை. பிங் பிளேசஸில் முகவரி, வரைபடப் புள்ளி, நேரம் ஆகியவற்றையும் நிரப்புங்கள்.

இதற்கெனப் புதிதாக விற்கும் மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஐக்காக எல்எல்எம்ஸ் (llms.txt) என்ற பெயரில் தனிக் கோப்பு போட்டுத் தருகிறோம் என்பார்கள். அது 2024 செப்டம்பரில் வந்த ஒரு யோசனை மட்டுமே, தன் தேடலுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் சொல்லிவிட்டது. ஏஐ ஓவர்வியூவுக்காகத் தனி ஸ்கீமா (பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்லும் குறியீடு) தேவையில்லை என்பதும் கூகுளே எழுதியிருப்பதுதான். கேள்வி பதில் ஸ்கீமாவால் தேடலில் வந்த விரிவுப் பெட்டியை 2023 ஆகஸ்டிலேயே அரசு, மருத்துவத் தளங்களைத் தவிர மற்றவற்றுக்கு நிறுத்திவிட்டார்கள். இவற்றுக்கு மாதா மாதம் கட்டணம் கட்டுவதைவிட அந்தக் காசில் ரூம்களை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

அறிகுறி 5: பெயர் வருகிறது, ஆனால் வாடகை, நம்பர், நேரம் எல்லாம் தப்பு

"ஏஐல 1,800 ரூபாய்னு போட்டிருக்கே, நீங்க 3,500 கேக்குறீங்க?" என்று வாசலில் நின்று கேட்கும் விருந்தினரிடம் வாதாடிப் பயனில்லை. பதிலுக்குக் கீழே அல்லது பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். அநேகமாக மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்.

ஒன்று, உங்கள் சொந்த சர்வர். மெனுவில் இல்லாத பழைய டாரிஃப் பிடிஎஃப் இன்னும் அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் உயிரோடு இருக்கும். பக்கத்தை மாற்றினோம், லிங்கை எடுத்தோம் என்று நினைப்பீர்கள். கோப்பு அப்படியே திறக்கும். கூகுளில் உங்கள் டொமைனை மட்டும் தேடச் சொல்லி பிடிஎஃப் வகையை வடிகட்டினால் ஒளிந்திருப்பவை வரிசையாக வெளியே வரும். மீடியா லைப்ரரிக்குப் போய் அழியுங்கள், பிறகு சர்ச் கன்சோலின் ரிமூவல்ஸில் அந்த முகவரியைக் கொடுங்கள். புது விலையைப் படமாக, அதாவது வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்காகச் செய்த அட்டையாக மட்டும் போடாதீர்கள். பழைய பிடிஎஃப் எழுத்தில் இருக்கிறது, புது விலை படத்தில் இருக்கிறது என்றால் இயந்திரம் எழுத்தைத்தான் நம்பும். எழுத்தில் அட்டவணையாகப் போட்டு, எந்தத் தேதியிலிருந்து இந்த வாடகை என்பதையும் அதே பக்கத்தில் சேருங்கள்.

இரண்டு, டைரக்டரி தளங்களும் பழைய பயணக் கட்டுரைகளும். உரிமையாளர் கணக்கைக் கிளெய்ம் செய்து திருத்துங்கள். கட்டுரை எழுதியவருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வையுங்கள். மலையில் 'ஹில் வியூ', 'கிரீன் வேலி' என்று பெயர் வைத்த விடுதிகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் இயந்திரம் ஒன்றின் ரிவ்யூவை எடுத்து இன்னொன்றின் நம்பரோடு ஒட்டிவிடும். பெயரோடு எந்தச் சாலை, எந்த வளைவுக்குப் பக்கத்தில் என்பதையும் சேர்த்தே எழுதினால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். மலையின் பெயரைத் தமிழில் சேர்வராயன் என்றும், ஷெவராய் என்றும் ஆட்கள் எழுதுகிறார்கள். இரண்டு வடிவமும் உங்கள் பக்கத்தில் ஒருமுறையாவது இருக்கட்டும்.

மூன்று, இயந்திரத்தின் சொந்தக் கற்பனை. எந்த லிங்கிலும் அந்த எண் இல்லையென்றால் ஃபீட்பேக்கில் தப்பு என்று குறித்து, சரியான தகவல் உள்ள பக்கத்தின் முகவரியைக் கொடுக்கலாம். பலன் உறுதியில்லை. அந்தக் கேள்விக்கு நேரடியான பதில் உங்கள் தளத்தில் ஒரே வாக்கியத்தில் இருந்தால் இந்தக் கற்பனை குறைகிறது. போன் நம்பரில் மட்டும் அலட்சியம் வேண்டாம். மோசடிக்காரர்கள் தங்கள் நம்பரை வாடிக்கையாளர் சேவை எண்ணாக எங்கெங்கோ எழுதி வைப்பதும், தேடல் சுருக்கங்கள் அதை எடுத்துக் காட்டுவதும் நடந்திருக்கிறது. மாதம் ஒருமுறை உங்கள் கடைப் பெயரோடு போன் நம்பர் என்று சேர்த்து கூகுளிலும் சாட்ஜிபிடியிலும் கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி 6: ஹோஸ்டிங்கில் கூட்டம், தளம் திணறுகிறது, போன் மட்டும் அடிக்கவில்லை

சர்வர் கணக்கில் விசிட் ஏறி, வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் ஏறாமல் இருந்தால் வந்தது ஆட்கள் இல்லை, கிராலர்கள். அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்டை அவை ஓட்டாததாலும், தெரிந்த பாட்களை அனலிட்டிக்ஸே கழிப்பதாலும் அங்கே தெரியாது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் 508 பிழை, அதாவது ரிசோர்ஸ் லிமிட் தாண்டியது என்று வருவது இதன் அடையாளம்.

ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் ரா ஆக்சஸ் லாகை (யார் வந்து எதைக் கேட்டார் என்ற பதிவை) இறக்கி, யூசர் ஏஜென்ட் (வந்தவர் சொல்லிக்கொண்ட பெயர்) பத்தியை வைத்து எண்ணுங்கள். யார் அதிகம் என்று தெரிந்துவிடும். பிறகு எந்த முகவரிகளைக் கேட்டார்கள் என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ரூம் காலண்டரில் "அடுத்த மாதம்" என்ற லிங்க்குக்கு முடிவே இல்லையென்றால் கிராலர் அதைத் தட்டிக்கொண்டே போய் 2090-ஆம் வருடத்து மார்கழியில் ரூம் காலியா என்று பார்த்துக்கொண்டிருக்கும். கொலுசுக் கடைத் தளத்தில் இதே வேலையை ஃபில்டர் செய்யும்: எடை, இன்ச், டிசைன், விலை வரிசை என நான்கையும் கலந்தால் ஐம்பது பொருளுக்கு ஆயிரக்கணக்கான முகவரி. காலண்டரைப் பன்னிரண்டு மாதத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். காலண்டர், ஃபில்டர் பாதைகளை ரோபாட்ஸ் கோப்பில் எல்லோருக்கும் பொதுவாகத் தடுங்கள். பொருள் பக்கங்களைத் தொடாதீர்கள்.

அதற்கும் அடங்காதவர்களுக்கு 429 (அளவுக்கு மேல் கேட்கிறாய்) என்ற பதில் கொடுத்து வேகத்தைக் குறைக்கலாம். ரோபாட்ஸ் கோப்பில் இடைவெளி விட்டு வரச் சொல்லும் கிரால் டிலே வரியை பிங் மதிக்கும், கூகுள்பாட் மதிக்காது. கூகுள்பாட்டுக்கு 429, 503 (இப்போது முடியாது என்ற பதில்) கொடுப்பதை ஓரிரு நாளுக்கு மேல் நீட்டினால் பக்கங்கள் இண்டெக்ஸிலிருந்தே விழ ஆரம்பிக்கும். இன்னொரு எச்சரிக்கை: லாகில் கூகுள்பாட் என்று இருப்பதெல்லாம் கூகுள்பாட் இல்லை. பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். ஐபி எண்ணுக்கு உரிய பெயரை ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் பார்த்து, வரும் பெயர் கூகுளுடையதுதானா என்று உறுதி செய்து, அதை மறுபடி ஐபியாக மாற்றி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓபன்ஏஐயும் தன் கிராலர்களின் ஐபி பட்டியலை வெளியிட்டிருக்கிறது. போலியை ஐபியோடு தடுங்கள், பெயரை வைத்துத் தடுத்தால் அசலும் வெளியே நிற்கும்.

அறிகுறி 7: ஆர்கானிக் (விளம்பரமில்லாமல் தேடல் வழி வருபவர்கள்) குறைகிறது, டைரக்ட் (வந்த வழி தெரியாதவர்கள்) ஏறுகிறது

சாட்பாட் ஆப்பிலிருந்து லிங்கைத் தட்டி வருபவரோடு எங்கிருந்து வந்தார் என்ற குறிப்பு பல நேரம் வருவதில்லை. அனலிட்டிக்ஸ் அவரை டைரக்டில் தள்ளிவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த லிங்க்கும் அங்கேதான் போகும். சாட்ஜிபிடி மட்டும் தன் லிங்க்குகளில் பெரும்பாலும் யூடிஎம் சோர்ஸ் (எங்கிருந்து வந்தது என்று சொல்லும் குறிப்பு) ஒட்டி அனுப்புவதால் தனியாகத் தெரியும். அனலிட்டிக்ஸின் அட்மின் பகுதியில் சேனல் குரூப்ஸுக்குப் போய், ஏஐ என்று புதுச் சேனல் ஒன்று உருவாக்குங்கள். சோர்ஸ் என்பதற்கு ரெஜெக்ஸ் (பல சொற்களை ஒரே வரியில் பொருத்தும்) விதி எடுத்து, சாட்ஜிபிடி, பெர்ப்ளெக்ஸிட்டி, ஜெமினி, கோபைலட், கிளாட் ஆகியவற்றின் பெயர்களை நிமிர்ந்த கோட்டுக் குறியால் (|) பிரித்துக் கொடுங்கள். ரெஃபரல் (வேறு தளத்து லிங்க் வழி வந்தவர்கள்) சேனலுக்கு மேலே இதை இழுத்து வைக்க மறந்துவிட்டால் எல்லாம் ரெஃபரலிலேயே போய் விழும், புதுச் சேனல் பூஜ்யமாக நிற்கும். கூகுள் ஏஐ ஓவர்வியூவிலிருந்து வருபவர்களை இந்த வழியில் பிரிக்க முடியாது, அவர்கள் கூகுள் ஆர்கானிக்காகவே வருவார்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் லிங்க்குகளுக்கு நீங்களே யூடிஎம் போட்டுவிட்டால் டைரக்டில் மிச்சம் இருப்பது கொஞ்சம் தெளியும்.

மீதியை ரிசப்ஷன் நோட்டுதான் சொல்லும். தேதி, போனா வாட்ஸ்அப்பா நேரிலா, எங்கே பார்த்து வந்தார், ரூம் எடுத்தாரா என்று நான்கு பத்தி. "கூகுள்ல பார்த்தீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், கணக்கு கெட்டுப்போகும். "எங்கே பார்த்தீங்க சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள், மேப்பில் பார்த்தேன், சாட்ஜிபிடி சொன்னது, போன தடவை வந்த ஃப்ரெண்டு சொன்னார் என்பதெல்லாம் வெவ்வேறு வரியாக வரட்டும். மாதக் கடைசியில் இந்த நோட்டையும் சர்ச் கன்சோலின் மூன்றாவது குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விசிட்டர் குறைந்து, நோட்டில் ரூம் எடுத்தவர் எண்ணிக்கை குறையாமல் இருந்தால் தளத்தில் எதையும் மாற்றாதீர்கள்.